அப்பாவோட 79 மாடல் பியட், அடியில பூரா துரு. வீட்லயே வச்சு சரிபண்ண முடியுமா?

திருமங்கலம்_பியட்
ஆகஸ்ட் 3, இரவு 10.12

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டுந்தான் இருந்தேன், எழுதுறது இதான் மொத தடவ.

எங்க அப்பாட்ட 1979 மாடல் பிரீமியர் பத்மினி ஒண்ணு இருக்கு. வீட்ல யாரும் பத்மினின்னு சொன்னதே இல்ல, பியட்டுன்னுதான் சொல்லுவோம். 86ல செகண்ட்ஸ்ல எடுத்தாரு. பழனிக்கு போனது, அழகர்கோயிலுக்கு போனது, அக்காவ கல்யாணம் முடிச்சு அனுப்புனது, பாட்டிக்கு முடியாம போனப்ப ராத்திரியோட ராத்திரியா மதுரைக்கு தூக்கிட்டு ஓடுனது எல்லாம் இந்த வண்டிலதான். 2008ல கியர்பாக்ஸ் மக்கர் பண்ணுதுன்னு தோட்டத்துல புளியமரத்தடில நிப்பாட்டுனது, அடுத்த மாசம் பாப்போம் அடுத்த மாசம் பாப்போம்னு அங்கயே நின்னு போச்சு. நடுவுல நாலஞ்சு வருசம் கோழி வேற உள்ள அடைஞ்சிருக்கு.

போன வாரம் டிராக்டர்ல கட்டி இழுத்து வீட்டு கொட்டகைக்கு கொண்டாந்தேன். பானெட், ரூப் பரவால்ல. கதவு நாலுலயும் கீழ்ப்பக்கம் பெயின்ட் கொப்புளமா எந்திரிச்சு நிக்குது. டிரைவர் சீட்டுக்கு கீழ மேட்ட தூக்குனா தரை தெரியுது. ரன்னிங் போர்ட வெரல வச்சு அமுக்குனா உள்ள போகுது. இஞ்சின் கையால சுத்துனா சுத்துது, அது பெரிய ஆறுதல்.

அப்பாவுக்கு வர்ற பங்குனில எண்பது முடியுது. அதுக்குள்ள அவர முன் சீட்ல உக்கார வச்சு ஒரு ரவுண்டு போகணும், அம்புட்டுதான் ஆச. ஒரு பட்டறைல கேட்டேன், பத்தே நாள்ல பட்டி (மேடுபள்ளத்த நெரப்புற பசை) போட்டு புது வண்டியாட்டம் அடிச்சு குடுத்துர்றோம்னாங்க, எனக்கு மனசு ஒப்பல. நான் கேட் கிரில் பட்டறைல ஆறு வருசம் வேலை பாத்தவன், ஆர்க் வெல்டிங் நல்லா வரும், கிரைண்டர் இருக்கு. ஆனா கார் தகட்டுல கை வச்சதில்ல. எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க.


கூடல்நகர்_ரைடர்
ஆகஸ்ட் 3, இரவு 10.40

அண்ணே எண்பதுக்கு ஒரு ரவுண்டுதானே, எதுக்கு இம்புட்டு மெனக்கெடுறீங்க. ஓட்டைல பைபர் மேட் ஒட்டி மேல பட்டி இழுத்து கலர் அடிச்சா ரெண்டு வருசம் ஒண்ணும் தெரியாது. என் மச்சான் ஆம்னிக்கு அப்படித்தான் பண்ணோம்.


டிங்கர்_மகன்
ஆகஸ்ட் 4, காலை 6.15

தம்பி ரைடர் சொல்றத தயவுசெஞ்சு கேக்காதீங்க, அவரு நல்ல மனசோடதான் சொல்றாரு ஆனா இந்த வண்டிக்கு அது ஆகாது. ஏன்னு சொல்றேன்.

எங்கப்பா பழங்காநத்தத்துல முப்பத்தஞ்சு வருசம் டிங்கரிங் பட்டறை வச்சிருந்தவரு, நான் ஸ்கூல் விட்டு வந்தா அங்கதான் இருப்பேன். பியட்டுக்கு ஜீப்பு மாதிரி தனியா சேசிஸ், அதாவது அடிச்சட்டம் கெடையாது. பாடிதான் சேசிஸ். நீங்க வெரல் விட்டு பாத்தீங்கள்ல ரன்னிங் போர்டு, அது காலு வைக்கிற பலகை இல்ல, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் புடிச்சு நிக்கிற தூணு. அது உளுத்துப்போன வண்டிய நடுவுல ஜாக்கி போட்டு தூக்குனா கதவு சாத்தாது, அந்த அளவுக்கு வளஞ்சு குடுக்கும். அதுமேல பட்டி போட்டு கலர் அடிச்சா பாக்க புதுசு, ஒரு பள்ளத்துல எறங்குனா என்ன ஆகும்னு சொல்ல முடியாது. எண்பது வயசு மனுசன அதுல உக்கார வைக்கப் போறீங்க.

மொதல்ல நீங்க செய்ய வேண்டியது எதையும் வெட்டுறது இல்ல, பாக்குறது. ஒரு சின்ன காந்தத்த துணில சுத்தி பாடி பூரா நகத்திட்டே வாங்க. எங்க புடிக்காம வழுக்குதோ அங்க பட்டி இருக்குன்னு அர்த்தம், சாக்பீஸ்ல வட்டம் போடுங்க. அப்பறம் அடியில படுத்துக்கிட்டு பழைய ஸ்குரூ டிரைவர் புடிய வச்சு தட்டிட்டே வாங்க, நல்ல தகடு கணீர்னு கேக்கும், உளுத்தது பொத்து பொத்துன்னு கேக்கும். முக்கியமா பின்னாடி பட்டை (லீப் ஸ்பிரிங்) மாட்டியிருக்க எடம் ரெண்டு பக்கமும், ஜாக்கி போடுற எடம், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் போட்ருக்க எடம், இந்த மூணையும் பாத்துட்டு வந்து எழுதுங்க. அந்த மூணும் போயிருந்தா கதை வேற.


கெமிஸ்ட்ரி_டீச்சர்
ஆகஸ்ட் 4, இரவு 8.05

கொப்புளம் ஏன் வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பட்டி ஏன் நிக்காதுன்னு புரியும், அதுக்காக எழுதுறேன். இரும்பு, தண்ணி, ஆக்சிஜன் மூணும் சேந்தா துரு. அந்தத் துரு, தான் தின்ன இரும்ப விட ரெண்டு மடங்குக்கு மேல எடம் அடைக்கும். அதனாலதான் பெயின்ட உள்ளருந்து தள்ளி எந்திரிச்சு நிக்குது. நீங்க வெளிய பாக்குறது சின்ன கொப்புளம், ஆனா அது தகட்டோட பின்பக்கத்துலருந்து தின்னுட்டு வந்து முன்பக்கம் எட்டிப் பாக்குற எடம். மேல பட்டி போட்டா காத்தையும் தண்ணியையும் வெளிய நிறுத்துறதா நெனைக்கிறோம். ஆனா உள்பக்கம் தொறந்துதான் கெடக்கு, வேலை அது பாட்டுக்கு நடக்கும். பத்தாததுக்கு பட்டி ஈரத்த உறிஞ்சி வச்சுக்கும்.

கோழி அடைஞ்ச வண்டின்னு சொன்னீங்க. எச்சத்துல உள்ள உப்பு ஈரத்த இழுத்து வைக்கும், அரிப்ப வேகப்படுத்தும். தரைத்தகட்ட மொதல்ல நல்லா தண்ணி விட்டு கழுவி ரெண்டு நாள் வெயில்ல காய வைங்க. துருவ மட்டும் சொரண்டிட்டு உப்ப விட்டுட்டா பிரைமருக்கு கீழயே மறுபடி ஆரம்பிச்சுரும்.


திருமங்கலம்_பியட்
ஆகஸ்ட் 10, இரவு 9.30

டிங்கர் அண்ணனுக்கும் டீச்சருக்கும் ரொம்ப நன்றி. சொன்ன மாதிரியே பாத்தேன். பட்டை மாட்டுற எடம் ரெண்டும் கணீர்னு இருக்கு. ஸ்டியரிங் பக்கமும் நல்லாருக்கு. ஜாக்கி எடம் எடது பக்கம் போச்சு. ரன்னிங் போர்டு ரெண்டு பக்கமும் போச்சு. டிரைவர் சைடு தரை முக்காவாசி போச்சு, ஸ்டெப்னி குழில ஒரு சொம்பு அளவுக்கு ஓட்டை. காந்தம் பின்னாடி வீல் மேல ரெண்டு சாண் நீளத்துக்கு புடிக்கவே இல்ல, சொரண்டுனா உள்ள சாக்கும் பட்டியும், அப்பா வாங்குறதுக்கு முன்னாடியே யாரோ சாக்க அடைச்சு பட்டி இழுத்து வச்சிருக்காங்க. இத்தன வருசம் அதுமேலதான் சாஞ்சு நின்னு போட்டோ எடுத்திருக்கோம்.

இன்னொண்ணு கவனிச்சேன். கதவுக்கு கீழ வரிசையா சின்ன ஓட்டை இருக்கு, தண்ணி வெளிய போறதுக்கு. எல்லாமே புளிய எலையும் மண்ணும் அடைச்சு கெட்டியாயிருச்சு. கண்ணாடி வழியா எறங்குன தண்ணி பூரா கதவுக்குள்ளயே நின்னுருக்கு.


மேலூர்_லேத்
ஆகஸ்ட் 11, காலை 7.50

ஆர்க் வெல்டிங்க இதுல தொடாதீங்க பங்காளி, கேட்டுக்கு அது சரி, இந்த தகட்டுல ராடு வச்ச ஒடனே பொத்துக்கும். மிக் மெஷின் வேணும், ராடுக்கு பதிலா மெல்லிசு வயர் தானா வர்ற வெல்டிங் மெஷின். வாடகைக்கு எடுத்தாலும் சரி, சிங்கிள் பேஸ்ல ஓடுற இன்வெர்ட்டர் மிக் வாங்குனாலும் சரி. 0.8 மில்லி வயர் போடுங்க. தகடு 20 கேஜ் சி.ஆர். ஷீட் (மேல எதுவும் பூசாத இரும்புத் தகடு), அது சுமாரா 0.9 மில்லி வரும், தரைக்கு அதான். ரன்னிங் போர்டுக்கும் ஜாக்கி எடத்துக்கும் 18 கேஜ். துரு புடிக்காதுன்னு யாராச்சும் துத்தநாகம் பூசுன ஜி.ஐ. ஷீட்ட தலைல கட்டுவாங்க, வாங்காதீங்க. அத வெல்டிங் பண்ணா துத்தநாகப் பொக வரும், அந்தப் பொகைய இழுத்தா ராத்திரி குளிர் காய்ச்சல் அடிக்கும், கிரில் பட்டறைல இருந்தவங்க உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

ஒரே இழுப்பா இழுக்காதீங்க. ஒரு புள்ளி, அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி, அப்பறம் நடுவுல ஒண்ணு, தொட்டுப்பாத்து ஆறுனதுக்கப்பறம் அடுத்தது. அவசரப்பட்டா தகடு அப்பளம் மாதிரி நெளிஞ்சிரும், அத நிமுத்துறது பெரும்பாடு. தரைத்தகட்ட மொட்டையா வைக்காதீங்க, பழசுல இருக்க மாதிரியே வரி எடுத்து வைங்க, இல்லன்னா ஓடுறப்ப டமடமன்னு தகரக்கொட்டகையாட்டம் அடிக்கும். ரெண்டு ஆங்கிள் துண்டுக்கு நடுவுல தகட்ட வச்சு மேல ஒரு ராடு வச்சு அடிச்சாலே வரி விழுந்துரும்.

வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரிய கழட்டுங்க. பெட்ரோல் டேங்க எறக்கி கொட்டகைய விட்டே வெளிய கொண்டு போங்க. காலி டேங்குதானேன்னு நெனைக்காதீங்க, காலி டேங்க்ல நிக்கிற ஆவிதான் வெடிக்கும். டேங்க்ல ஓட்டை இருந்தா அத நீங்க வெல்டிங் பண்ணவே வேணாம், அதுக்குன்னு இருக்கவங்கட்ட குடுங்க.


டிங்கர்_மகன்
ஆகஸ்ட் 11, இரவு 10.20

லேத் அண்ணன் சொன்னது அம்புட்டும் சரி. நான் சேக்க வேண்டியது ஒண்ணுதான், ஆனா இதத்தான் முக்கியமா சொல்லுவேன். ரெண்டு பக்க ரன்னிங் போர்டையும் ஒரே நேரத்துல வெட்டிராதீங்க. வண்டி ரெண்டா மடங்கிரும். மொதல்ல கதவு வாசல்ல குறுக்க ஒரு இஞ்ச் சதுர பைப்ப வச்சு முன் தூணுக்கும் நடுத் தூணுக்கும் டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) அடிங்க, நடுத் தூணுக்கும் பின் தூணுக்கும் அதே மாதிரி. வண்டிய நாலு வீல் பக்கமும் ஸ்டாண்டு குடுத்து ரசமட்டம் வச்சு பாத்துக்கங்க. ஒரு பக்கத்த வெட்டி, புதுத் தகடு வச்சு, முழுசா வெல்டிங் முடிச்சு, கதவ மாட்டி சாத்திப் பாத்து, இடுக்கு மேலருந்து கீழ வரைக்கும் ஒரே அளவா இருந்தாத்தான் அடுத்த பக்கம். இடுக்கு பாக்க ஆக்சா பிளேடு ஒண்ண ஓட்டிப் பாத்தா போதும்.

வெட்டுறப்ப கஞ்சத்தனம் கூடாது. துரு முடியிற எடத்துல நிறுத்தாதீங்க, அதுக்கு அங்கிட்டு ரெண்டு வெரக்கட நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டுங்க. எங்கப்பா சொல்றது, "வெள்ளையா பளபளன்னு தகடு தெரியுற வரைக்கும் கைய நிறுத்தாத." நான் எத்தனையோ நாள் இதுக்காக அடி வாங்கிருக்கேன்.


உசிலை_அம்பாசடர்
ஆகஸ்ட் 13, மதியம் 1.10

தகடு வேலைக்கு முன்னாடி ஆர்.சி. புக்க எடுத்துப் பாருங்க சார். சேசிஸ் நம்பர், இஞ்சின் நம்பர் ரெண்டும் எங்க குத்தியிருக்குன்னு தேடிப் புடிச்சு, பேப்பர வச்சு பென்சில்ல தேச்சு அச்சு எடுத்து பத்திரமா வைங்க, நாலு போட்டோவும் எடுத்துக்கங்க. அந்த எடத்த கிரைண்டர் வச்சு தேச்சுட்டாலோ பட்டியில மூடிட்டாலோ ஆர்டிஓ ஆபீஸ்ல வண்டிய ஓரமா நிப்பாட்டிருவாங்க, என் சொந்தக்காரர் ஒருத்தர் அதுக்காக ஒரு வருசம் அலைஞ்சாரு.

சொந்த வண்டிக்கு 15 வருசம் முடிஞ்சா அதுக்கப்பறம் 5 வருசத்துக்கு ஒருக்க வண்டிய காட்டி புதுப்பிக்கணும். உங்களுது 2008லருந்து நின்னதால பாக்கி, அபராதம் எல்லாம் இருக்கும், நேர்ல போய் கேட்டுருங்க. அதே மாதிரி கலர். ஆர்.சி.ல என்ன கலர் போட்ருக்கோ அதே அடிச்சா பிரச்சனை இல்ல. மாத்துறதா இருந்தா அடிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுட்டு ஆர்.சி.லயும் மாத்திரணும்.


கூடல்நகர்_ரைடர்
ஆகஸ்ட் 13, மாலை 6.30

சரிண்ணே நான் சொன்னது தப்புதான், டிங்கர் அண்ணன் எழுதுனத படிச்சுட்டு மச்சான் ஆம்னிய போய் தட்டிப் பாத்தேன், பொத்து பொத்துன்னுதான் கேக்குது. அத அப்பறம் பேசுவோம். ஒரு டவுட்டு, பழைய வண்டிக்கு விண்டேஜ் நம்பர்னு ஒண்ணு தர்றாங்களாமே, அது இவருக்கு கெடைக்காதா?


உசிலை_அம்பாசடர்
ஆகஸ்ட் 13, இரவு 9.00

2021ல வந்த விதி அது தம்பி. மொத ரிஜிஸ்ட்ரேசன் ஆகி 50 வருசம் தாண்டியிருக்கணும், பாடி இஞ்சின் சேசிஸ்ல பெருசா மாத்தம் பண்ணியிருக்கக் கூடாது. நம்பர்ல நடுவுல வி.ஏ.ன்னு வரும். புதுசா பதிய 20,000 ரூபா. ஆனா அந்த நம்பர் வாங்கிட்டா கண்காட்சி, ரேலி, சர்வீஸ் மாதிரி காரியத்துக்குத்தான் ரோட்ல எடுக்கலாம், தெனசரி ஓட்ட முடியாது. இவரு வண்டி 79, 2029லதான் அம்பது ஆகும். அப்பாவ கோயிலுக்கு கூட்டிட்டுப் போக நெனைக்கிறவருக்கு சாதா ஆர்.சி. புதுப்பிக்கிறதுதான் நல்லது.


திருமங்கலம்_பியட்
அக்டோபர் 19, இரவு 11.05

ரெண்டு மாசமா எழுத முடியல, மன்னிக்கணும். பகல்ல வேலை, ராத்திரி ஏழு டு பத்து வண்டி. வலது பக்க ரன்னிங் போர்டு முடிஞ்சு கதவு சாத்துது! மொத தடவ வெட்டுனப்ப கை நடுங்குச்சு. உள்தகடு வெளித்தகடு ரெண்டுக்கும் நடுவுல இருந்து ஒரு பாண்டு நெறைய துருவும் மண்ணும் கொட்டுச்சு. எடது பக்கம் பாதில நிக்குது. தரை வச்சாச்சு, வரி எடுத்துத்தான் வச்சேன் லேத் அண்ணே.

இப்ப பிரச்சனை மழை. கிரைண்டர்ல தேச்சு வெள்ளையா ஆக்கிட்டு படுத்தா காலைல மஞ்சளா ஒரு படலம் படிஞ்சிருக்கு. மறுபடி தேக்கிறேன், மறுபடி வருது. அதோட போல்ட்டு நட்டு, கதவு கீலு, பம்பர் பிராக்கெட்டுன்னு ஒரு சாக்கு நெறைய துருப்பிடிச்ச சாமான் கெடக்கு, ஒவ்வொண்ணா தேச்சா பங்குனி இல்ல ஆடியே வந்துரும். ஊர்ல ஒரு பெரியவரு கடுக்காய கொதிக்க வச்சு ஊத்துன்னு சொல்றாரு, அது நெசமா?


கெமிஸ்ட்ரி_டீச்சர்
அக்டோபர் 20, இரவு 8.40

பெரியவர் சொல்றதுல விசயம் இருக்கு. கடுக்காய்ல டேனின்ங்கிற துவர்ப்புப் பொருள் நெறைய. டேனினும் இரும்பும் சேந்தா கருப்பா ஒரு சேர்மம் வரும், அந்தக் காலத்துல கடுக்காய் மை போட்டது இப்படித்தான். கடைல துரு மாத்தின்னு விக்கிற திரவம் பலதுலயும் இதே டேனிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோதான் இருக்கு. ஆனா இது மேலோட்டமா இருக்க மெல்லிசு துருவுக்குத்தான். செதில் செதிலா உரியிற துருவுக்கு எந்தத் தண்ணியும் உதவாது, சொரண்டித்தான் ஆகணும். கஷாயத்துல எவ்வளவு இருக்குன்னு அளவும் தெரியாது, அதுமேல பிரைமர் ஒட்டுமான்னும் தெரியாது. கார் பாடிக்கு அளவு தெரிஞ்ச கடைச் சாமானே வாங்குங்க.

சின்னச் சாமானுக்கு ஒரு வழி சொல்றேன். பிளாஸ்டிக் வாளில தண்ணி, லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சலவைச் சோடா. ஓரத்துல ஒரு முறுக்குக் கம்பித் துண்ட நிறுத்தி பேட்டரி சார்ஜரோட பிளஸ்ஸ அதுல மாட்டுங்க. துருப்பிடிச்ச சாமான மைனஸ்ல கட்டி நடுவுல தொங்க விடுங்க, ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொடக்கூடாது. 12 வோல்ட் போதும். ராத்திரி விட்டு காலைல எடுத்து பிரஷ்ல தேச்சா துரு கருப்பா கழண்டு வந்துரும், நல்ல இரும்ப அது தின்னாது.

மூணு எச்சரிக்கை. பிளஸ்ல எவர்சில்வர் கரண்டி, தட்டு எதையும் மாட்டிராதீங்க, அதுல உள்ள குரோமியம் விசமான உப்பா தண்ணில எறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால தொறந்த எடத்துல வைங்க, பக்கத்துல நெருப்பு கூடாது, சார்ஜர அணைச்சுட்டுத்தான் கிளிப்ப கழட்டணும். ஸ்பிரிங்கையும் அழுத்தம் தாங்குற போல்டையும் இதுல போடாதீங்க, ஹைட்ரஜன் உள்ள போயி முறியிற மாதிரி ஆயிரும். அலுமினியச் சாமானும் கூடாது, சோடாத்தண்ணி அரிச்சிரும்.


டிங்கர்_மகன்
அக்டோபர் 20, இரவு 10.50

ஐப்பசி கார்த்திகைல வெறுந்தகட்ட ராத்திரி விடவே கூடாது தம்பி. எவ்வளவு எடத்துக்கு அன்னைக்கே பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவு மட்டும் தேயுங்க. தேச்சதும் கைய வைக்காதீங்க, வேர்வை உப்பு அப்படியே கைரேகையா துருப்பிடிக்கும், நான் பாத்திருக்கேன். தின்னர் துணில தொடச்சு எபாக்ஸி பிரைமர், ரெண்டு பாகம் கலக்குறது, அத அடிச்சிருங்க. சாதா சர்பேசர் பிரைமர அடிச்சு மாசக்கணக்கா விட்டா அது பஞ்சு மாதிரி ஈரத்த குடிக்கும், எபாக்ஸி அப்படி குடிக்காது. தகடு ரெண்டு சேர்ற எடம் பூரா சீம் சீலர் (இடுக்க அடைக்கிற பசை) இழுங்க. அதுக்கப்பறம் மழை எம்புட்டு பெஞ்சாலும் நிம்மதியா தூங்கலாம்.


திருமங்கலம்_பியட்
டிசம்பர் 28, இரவு 9.15

எடது பக்கமும் முடிஞ்சது. ஸ்டெப்னி குழி, வீல் ஆர்ச்சு, கதவு அடி நாலும் முடிஞ்சது. ஒரு சாக்கு சாமானும் வாளிலயே சுத்தமாயிருச்சு டீச்சர், கீலெல்லாம் புதுசாட்டம் இருக்கு. கியர்பாக்ஸ் சென்னை புதுப்பேட்டைலருந்து சாமான் வரவச்சு மெக்கானிக் பிரிச்சு மாட்டிட்டாரு, டேங்க் வெளிய குடுத்து சுத்தம் பண்ணியாச்சு. பட்டி மொத்தமா போட்டது ரெண்டு மில்லிக்கு மேல எங்கயும் இல்ல.

இப்ப பெயின்ட். கடைக்காரரு பி.யூ. (ஹார்டனர் கலந்து அடிக்கிற பெயின்ட்) அடிங்க, என்.சி. (தின்னர் மட்டும் கலந்து அடிக்கிறது) எல்லாம் பழைய காலம்ங்கிறாரு. கொட்டகைல வச்சு நானே அடிக்கணும்னு இருக்கேன். எது அடிக்க?


கூடல்நகர்_ரைடர்
டிசம்பர் 28, இரவு 9.22

பி.யூ. தாண்ணே. கண்ணாடி மாதிரி நிக்கும், வெயில்ல வெளுக்காது.


வில்லாபுரம்_அக்கா
டிசம்பர் 28, இரவு 11.40

நான் இங்க எப்பயாவதுதான் எழுதுவேன். என் வீட்டுக்காரரு இருபத்திரெண்டு வருசம் கார் பெயின்டர். மூக்குல கர்ச்சீப் கட்டிக்கிட்டு பி.யூ. அடிச்சவரு. இப்ப மாடிப்படி ஏற முடியல, ராத்திரி உக்காந்துக்கிட்டேதான் தூங்குறாரு. டாக்டர் சொன்னாங்க, அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட்னு ஒண்ணு இருக்காம், ஒருக்க ஒடம்பு அதுக்கு ஒவ்வாம ஆயிருச்சுன்னா அப்பறம் கொஞ்சம் பட்டாலே இழுப்பு வந்துருமாம். அது மூக்குக்கு வாசனையா தெரியாது, அதனால மாஸ்க் வேலை செய்யுதா இல்லையான்னு நமக்கே தெரியாது. வெளிக்காத்த பைப் வழியா குடுக்குற மாஸ்க் இருக்குற எடத்துலதான் அடிக்கணும்னு சொல்றாங்க. அது இவருக்கு யாரும் குடுக்கல.

தம்பி, உங்க அப்பாவுக்காக பண்றீங்க. உங்களுக்கும் புள்ளைங்க இருக்கும். வீட்டு கொட்டகைல அத அடிக்காதீங்க. அவ்வளவுதான் சொல்லணும்னு தோணுச்சு.


டிங்கர்_மகன்
டிசம்பர் 29, காலை 6.30

அக்கா சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல. எங்க பட்டறைலயும் ரெண்டு பேரு இப்படி ஆனாங்க.

என்.சி. அடிங்க தம்பி. பி.யூ. அளவுக்கு உழைக்காது, வெயில்ல போட்டா மங்கும், ஒத்துக்கிறேன். ஆனா கொட்டகைல நிக்கப்போற வண்டி, வருசத்துக்கு ஒருக்க பாலிஷ் காம்பவுண்டு போட்டு தேச்சா மறுபடி மின்னும். வீட்ல அடிக்கிறவனுக்கு அதுல ரெண்டு வசதி. சீக்கிரம் காயும், தூசி ஒட்ட நேரம் இருக்காது. தப்பா ஓடுனா மறுநாள் வாட்டர் பேப்பர்ல தேச்சுட்டு அதே எடத்துல அடிச்சுக்கலாம். இதுக்கும் கரித்தூள் கேட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வேணும், தின்னர் ஆவி நல்லதில்ல. கொட்டகை ரெண்டு பக்கமும் தொறந்து வைங்க, அடுப்பு, சாமி வெளக்கு எதுவும் அந்தப் பக்கம் எரியக் கூடாது, வீட்ல சொல்லி வச்சிருங்க.

ஒரு விசயம் மறந்துராதீங்க. எங்கயாச்சும் பழைய பெயின்ட விட்டு வச்சிருந்தா தின்னர் நனைச்ச துணிய அதுமேல வச்சு தேச்சுப் பாருங்க. கரைஞ்சு வந்தா பழசும் என்.சி., பயமில்ல. கரையாம சுருங்கி எந்திரிச்சா அது எனாமல், அதுமேல என்.சி. அடிச்சா முழுசும் சுருங்கும், சொரண்டி எடுத்துருங்க.

கலருக்கு புக்கு பாக்காதீங்க. டிக்கி பீடிங்க உரிச்சீங்கன்னா அதுக்கு அடில வெயில் படாத கலர் இருக்கும். இல்ல குளோவ் பாக்ஸ் மூடிய கழட்டிட்டுப் போயி அதுக்கு உள்பக்கத்த காட்டி மேட்ச் பண்ணச் சொல்லுங்க.


திருமங்கலம்_பியட்
டிசம்பர் 29, இரவு 8.00

அக்கா, படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். என்.சி.தான். வீட்டுக்காரருக்கு ஒடம்பு தேறணும்னு மீனாச்சிய வேண்டிக்கிறேன்.


திருமங்கலம்_பியட்
ஜனவரி 24, காலை 10.45

அவசரம். இன்னைக்கு காலைல ஆறரைக்கு காத்து இல்லாத நேரம்னு பானெட்டுக்கு அடிச்சேன். அடிச்ச பத்து நிமிசத்துல பால் ஊத்துன மாதிரி வெள்ளையா பூத்துருச்சு. சாம்பல் நீலம் சுண்ணாம்பாட்டம் நிக்குது. மொத்தத்தையும் சொரண்டணுமா?


டிங்கர்_மகன்
ஜனவரி 24, காலை 11.02

சொரண்டாதீங்க! பயப்படாதீங்க. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க. தின்னர் ஆவியாகுறப்ப தகட்ட குளுர வச்சிரும், பனிக்காத்துல இருக்க ஈரம் அதுமேல படிஞ்சு உள்ள மாட்டிக்கும், அதான் வெள்ளை. வெயில் நல்லா ஏறட்டும். கடைல மெதுவா காயிற தின்னர், ரிடார்டர்னு கேளுங்க, அத லேசா பனி மாதிரி மேல தூவுங்க. மேல் படலம் எளகி ஈரம் வெளிய போயிரும், கலர் திரும்பிரும்.

இனிமே ஒம்போதரைக்கு மேல ஆரம்பிச்சு பன்னெண்டுக்குள்ள நிறுத்துங்க. அதுக்கப்பறம் தகடு சுட்டுச்சுன்னா ஸ்பிரே கன்லருந்து போறதுக்குள்ள காஞ்சு சொரசொரன்னு விழும். கம்பரசர்ல தண்ணி வடிகட்டி இருக்கான்னும் பாருங்க, டேங்க்ல நிக்கிற தண்ணிய தெனம் தொறந்து விடணும். கன்ன ஒரு சாண் தூரத்துல புடிச்சு, கைய மணிக்கட்டுல திருப்பாம தோளோட சேத்து நேரா இழுங்க, ஒவ்வொரு இழுப்பும் முந்துனதுல பாதிய மூடணும்.


திருமங்கலம்_பியட்
ஜனவரி 24, மதியம் 2.20

திரும்பிருச்சுண்ணே!! கலர் திரும்பிருச்சு. பக்கத்துல நின்ன எங்கப்பா ஒண்ணுமே சொல்லல, ஒரு தடவ பானெட்ட பாத்தாரு ஒரு தடவ என்னைய பாத்தாரு.


மேலூர்_லேத்
பிப்ரவரி 15, இரவு 9.10

பங்காளி, பெயின்ட் முடிஞ்ச சந்தோசத்துல உள்பக்கத்த மறந்துராதீங்க. ரன்னிங் போர்டு பொட்டிக்குள்ள, கதவுக்குள்ள, தூணுக்குள்ள நீங்க வெல்டிங் பண்ணப்ப உள்ள இருந்த பிரைமர் எரிஞ்சிருக்கும், அது வெறுந்தகடா நிக்குது. நீளமான டியூப் போட்ட ஸ்பிரேல கேவிட்டி வேக்ஸ் (துருவ தடுக்கிற மெழுகு) உள்ள விட்டு எல்லா மூலைக்கும் போற மாதிரி அடிங்க. அடிச்சதுக்கப்பறம் கீழ தண்ணி போற ஓட்டைய ஒரு கம்பிய விட்டு தொறந்து விடுங்க, வேக்ஸே அடைச்சிரும். அண்டர்பாடி கோட்டிங்கும் இதுக்கப்பறந்தான். பெட்ரோல் ஓஸ் எல்லாம் பழசு இருந்தா தூக்கிப் போட்டுட்டு எத்தனால் தாங்குற புது ஓஸ் மாட்டுங்க, இப்ப வர்ற இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல்ல பழைய ரப்பர் இத்துப்போகும்.


திருமங்கலம்_பியட்
மார்ச் 29, இரவு 10.30

எல்லாம் முடிஞ்சது. ஆர்.சி. புதுப்பிச்சாச்சு, நம்பர் அச்சு எடுத்து வச்சது அப்படியே கைகுடுத்துச்சு உசிலை சார். இன்னைக்கு காலைல அப்பாவ கூட்டிட்டு திருப்பரங்குன்றம் வரைக்கும் போயிட்டு வந்தோம்.

வண்டில ஏறுறதுக்கு முன்னாடி அவரு செஞ்சத சொல்லணும். முன் கதவ தொறந்தாரு, சாத்துனாரு. மறுபடி தொறந்து மறுபடி சாத்துனாரு. "சத்தம் மாறல" அப்படின்னாரு. அப்பறம் உக்காந்து ஸ்டியரிங்குக்கு கீழ இருக்க கியர்ல கைய வச்சு ஒண்ணு ரெண்டு மூணுன்னு போட்டுப் பாத்தாரு, நான் ஓட்டுறேன்னு எடம் மாறச் சொன்னாரு, நாந்தான் விடல. திருநகர்கிட்ட வர்றப்ப தரைய கால் கட்ட வெரலால அமுக்கிப் பாத்துட்டு இங்கதான தண்ணி வரும்னாரு. வராதுப்பான்னேன். வில்லாபுரம் அக்கா வீட்டுக்காரர பத்தி அப்பாட்ட சொன்னேன், அவரு பேருக்கும் சேத்து ஒரு அர்ச்சனை பண்ணச் சொன்னாரு, பண்ணிருக்கேன் அக்கா.

வீட்டுக்கு வந்து எறங்குனதும் சுத்தி ஒரு தடவ பாத்துட்டு, பின்னாடி எடது வீல்ல கப்பு எங்கடான்னு கேட்டாரு. அது 2005லயே வழில விழுந்தது. யாருகிட்டயாச்சும் பத்மினி வீல் கப்பு ஒண்ணு இருக்கா?


டிங்கர்_மகன்
மார்ச் 29, இரவு 10.41

ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு மதுரை திலகர் திடல் சந்தைக்கு வாங்க தம்பி. மிச்சம் மூணுல ஒண்ண கழட்டி கைல கொண்டாங்க, அளவு பாக்கணும். அப்பாவையும் கூட்டிட்டு வாங்க, வண்டியிலயே.